கேழ்வரகுச் சீமையின் பயிர்த்தொழிலும் கைத்தொழிலும் வழக்கங்களும்

1. தோற்றுவாய்

மழை ஒன்றையே நம்பிப் பயிரிடும் ஜனங்களிடத்தில் பயிர்த்தொழில், கைத்தொழில், தெய்வ வழிபாடு ஆகிய மூன்றும் தனித்தனியே நிற்பதில்லை. விளைந்த தானியத்தை வைக்கப் பானையும் குதிரும் வேண்டும். வயலுக்கு எரு இடக் கால்நடை வேண்டும். விதைக்கும் காலத்தையும் அறுக்கும் காலத்தையும் ஊரார் ஒருமிக்க அறியப் பண்டிகைகள் வேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்தால் ஏனையவும் தளரும்.

இவ்வுண்மையை, கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஒசூருக்குத் தென்கிழக்கே, காப்புக் காட்டை ஒட்டி அமைந்த சானமாவையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் உதாரணமாகக் கொண்டு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். இடையிடையே, அமெரிக்காவின் தென்மேற்குப் பாகத்தில் மக்காச்சோளம் பயிரிட்டு வாழும் பியூப்லோ மக்களின் முறைகளும் ஒப்பிட்டுக் காட்டப்படும். நம்மவர் கேழ்வரகைக் கொண்டு செய்ததை அவர்கள் மக்காச்சோளத்தைக் கொண்டு செய்தார்கள். இரு திறத்தாரும் ஒருவரை ஒருவர் அறியாதவர். ஆயினும் வறட்சி என்னும் ஆசிரியர் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே பாடத்தையே கற்பித்திருக்கிறார்.

2. நிலமும் மழையும்

ஒசூர்ப் பிரதேசம் மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு விளிம்பாகும். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3000 அடி உயரத்தில் இருப்பதால், சேலம், தருமபுரிச் சமவெளிகளைக் காட்டிலும் இங்கே குளிர்ச்சி அதிகம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று பாஷைகளும் ஒரே சந்தையில் வழங்கும். நிர்வாகத்தில் இப்பகுதி நெடுங்காலம் சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தது. 1965-ல் தருமபுரி ஜில்லா பிரிந்தபோது அதனுள் சேர்ந்து, 2004-ல் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாக அமைந்தபோது இதனுள் வந்தது.

நிலத்தில் பெரும்பகுதி செம்மண். அதில் நீர் விரைவில் இறங்கும். விரைவில் காய்ந்தும் போகும். கோடை மழை உழவுக்கு உதவும். தென்மேற்குப் பருவக்காற்றின் தூறல் விதைப்புக்கு உதவும். புரட்டாசி, ஐப்பசி மழை கதிர் பிடிக்க உதவும். இம்மூன்றும் தவறாமல் பெய்யும் ஆண்டுகள் அருமை. ஒன்று தவறினும் ஏதேனும் ஒரு பயிர் கைக்கு வரும்படி சாகுபடியை அமைத்துக்கொள்ளுதலே முன்னோர் கண்ட உபாயம்.

இங்கே மனிதர் வாழ்வு மிகத் தொன்மையானது. பர்கூர் அருகேயுள்ள மயிலாடும்பாறையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் அகழ்ந்தெடுத்த இரும்புப் பண்பாட்டுச் சான்றுகள் கி.மு. 2172-ஆம் ஆண்டளவினவென்று 2022-ல் வெளியிடப்பட்டது. சூளகிரியை அடுத்த மல்லசந்திரத்தில் பெருங்கற்பலகைகளால் அமைத்த கற்திட்டைகளை இன்றும் காணலாம். ஆகவே, நாம் இன்று உழும் நிலத்தில் நாலாயிரம் ஆண்டுகளாக மனிதர் பிழைத்து வந்திருக்கின்றனர் எனலாம்.

3. கேழ்வரகின் குணங்கள்

கேழ்வரகு ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதி உயர்நிலங்களில் முதன்முதல் பயிராக்கப்பட்டு, பண்டைக்காலத்திலேயே நம் தேசம் வந்து சேர்ந்தது. தென்னிந்தியப் பீடபூமியில் அது தாய்வீட்டிற் போலவே நிலைத்துவிட்டது. இளம் பருவத்தில் சில நாள் மழை இல்லாமற்போயினும் வாடி நின்று, மழை கண்டதும் தழைத்துப் பக்கத் தூர் விடும் இயல்பு இதற்கு உண்டு. விதைத்து ஏறத்தாழ 110 முதல் 125 நாட்களில் முற்றும்.

உணவு வகையில் இதன் சிறப்புச் சுண்ணாம்புச் சத்தாகும். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது இருக்கும். தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. குழந்தைகளுக்கும், கர்ப்பவதிகளுக்கும், உழைப்பாளிகளுக்கும் களியும் கூழும் ஏற்ற உணவென முன்னோர் கொண்டது காரணமின்றியன்று. இதன் தாளும் மாடுகளுக்கு நல்ல தீவனம். எனவே ஒரே பயிர் வீட்டாருக்கு உணவும் உழவு மாட்டுக்குத் தீனியும் அளிக்கிறது.

4. உழவும் எருவும்

வருஷப்பிறப்பை ஒட்டி நல்ல நாள் பார்த்து முதன்முதல் ஏர் பூட்டுதலைத் தமிழர் பொன்னேர் என்பர். கன்னடம் பேசுவோர் யுகாதியில் செய்யும் அதே சடங்கை ஹொன்னாரு என்பர்; அதற்கும் பொருள் பொன்னேர்தான். ஊர் முழுவதும் ஒருநாளில் ஏரை வெளியே எடுப்பதில் ஒரு பிரயோஜனம் உண்டு. கலப்பை, நுகத்தடி, கயிறு முதலியவை பழுது பார்க்கப்பட்டனவா என்பது அன்றே தெரிந்துவிடும். பழுதிருந்தால் தச்சரும் கொல்லரும் மழைக்கு முன்பே செப்பனிட்டுக் கொடுக்க அவகாசம் கிடைக்கும். கோடை மழையில் உழுத நிலம் அடுத்த மழையை உள்ளே வாங்கிக்கொள்ளும். களையும் புழுக்கூடும் வெயிலில் மடியும்.

எருவுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது தொழு உரம். ஏக்கருக்கு ஐந்து டன் இடுதல் நலம். இரண்டாவது ஆட்டுக்கிடை. குரும்பர் முதலிய ஆடு மேய்ப்போரை அழைத்து, வயலில் இரவு தோறும் பட்டி மாற்றி அடைக்கச் செய்து, அதற்குத் தானியமாகவோ பணமாகவோ கொடுப்பது வழக்கம். ஆட்டின் சாணமும் மூத்திரமும் வண்டிச் செலவின்றி நிலத்திலேயே சேரும். கிடை எழுந்த மறுநாளே மேலாக உழுதுவிட வேண்டும். இல்லையேல் சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

உழவுக்கு ஆலம்பாடி மாடுகளும் மைசூரைச் சேர்ந்த ஹள்ளிகார் மாடுகளும் பேர்பெற்றவை. காட்டோரங்களில் மேய்ந்து, சொற்பத் தீனியில் கடும் உழைப்புத் தரும் ஜாதிகள் இவை. டிராக்டர் வந்தபின் இவற்றின் தொகை மிகவும் குறைந்துவிட்டது. டிராக்டரை விலக்குதல் இன்று இயலாது. எனினும் மாடு இல்லாத வீட்டில் எருக்குழியும் இல்லை என்பதை விவசாயிகள் மறத்தலாகாது.

5. விதைப்பும் கலப்புப் பயிரும்

இப்பகுதி விவசாயத்தின் சாரம் கலப்புப் பயிரிலேதான் இருக்கிறது. கேழ்வரகை மட்டும் தனித்து விதைப்பது பழைய முறை அன்று. ஆறு முதல் பத்து வரிசை கேழ்வரகுக்கு ஒரு வரிசை வீதம் மொச்சையோ துவரையோ விதைப்பர். மொச்சை இங்கே அவரை என்றும் வழங்கும். ஓரங்களில் ஆமணக்கும் சோளமும், இடையிடையே கடுகும் பேயெள்ளும் சேர்ப்பர். கன்னடத்தார் இதனை அக்கடிச் சால் என்பர்.

இதன் நன்மைகளைச் சற்று விரித்துக் கூறுவோம்.

முதலாவது, வேர்களின் ஆழம் வேறுபடுகிறது. கேழ்வரகின் வேர் மேல் மண்ணில் பரவும். துவரையும் ஆமணக்கும் ஆழச் செல்லும். ஒன்றுக்கு எட்டாத ஈரம் மற்றொன்றுக்கு எட்டும்.

இரண்டாவது, காலம் வேறுபடுகிறது. பழைய மொச்சை வகைகள் பகல் குறுகும் பனிக்காலத்திலேயே பூக்கும் தன்மையன. ஆகவே கேழ்வரகு வளரும் வரை அவை அடங்கி நிற்கும். கேழ்வரகு அறுத்தபின் வெளிச்சமும் இடமும் பெற்றுப் படர்ந்து, மார்கழிப் பனியிலேயே காய்க்கும். ஒரே உழவில் இரண்டு அறுவடை கிடைக்கிறது.

மூன்றாவது, மொச்சையும் துவரையும் தம் வேர் முடிச்சுகளில் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்து மண்ணுக்கு விட்டுச் செல்கின்றன.

நான்காவது, உணவு நிறைவாகிறது. களிக்கு மொச்சைக் குழம்பு என்னும் சேர்க்கையில், தானியத்தில் குறைவான புரதத்தைப் பயறு ஈடுசெய்கிறது.

பியூப்லோ மக்களும் இவ்வாறே மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகிய மூன்றையும் தம் உணவின் ஆதாரமாகக் கொண்டனர். அவர்களுள் அரிசோனா மாகாணத்து ஹோப்பி வகுப்பாரின் நிலத்தில் ஆண்டு மழை பத்து பன்னிரண்டு அங்குலமே. ஒசூரில் பெய்வதில் அது மூன்றில் ஒரு பங்கு. அங்கே அவர்கள் கூர்மையான கோலால் மணலைத் துளைத்து, சில இடங்களில் ஓரடி ஆழம் வரை சென்று, ஈரம் கண்ட இடத்தில் ஒரு குழிக்குப் பத்து விதைகளுக்கு மேலும் இடுவர். குழிக்குக் குழி பல அடி இடைவெளி விடுவர். மற்ற வகைச் சோளத்தை அவ்வளவு ஆழத்தில் இட்டால் முளை வெளிவராது. ஹோப்பி விதையின் முளைத்தண்டோ மிக நீண்டு வளர்ந்து மேலே வரும். அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த காலின்ஸ் என்பவர் 1914-ல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அந்நிலத்திலேயே விதையெடுத்து அந்நிலத்திலேயே விதைத்ததன் பயனாக அவ்விதைக்கு அக்குணம் நிலைத்தது. சொந்த விதையின் மதிப்பு இதனால் விளங்கும்.

நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு நான்கு கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை ஒன்பது அங்குலம் விட வேண்டும். முதல் மூன்று வாரங்களில் கேழ்வரகு மெதுவாக வளரும். களை அதனை மூடிவிடாமல் காப்பது இக்காலத்துப் பிரதான வேலை. கர்நாடகத்து ஹாவேரிப் பக்கத்தில் குழி நடவு முறை ஒன்றுண்டு. அதில் சதுரமாக இடைவெளி விட்டு நாற்று நட்டு, இளம் பயிரின்மேல் மரக்கருவி ஒன்றை இழுத்துச் செல்வர். பயிர் சாய்ந்து எழும்போது தூர்கள் பெருகும். தண்ணீர் வசதி சிறிது உள்ளவர்கள் கால் ஏக்கரில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

6. களமும் சேமிப்பும்

கார்த்திகை, மார்கழியில் கதிர் அறுத்துக் கட்டி, போராக அடுக்கி, தை மாசியில் களத்தில் பரப்பிக் கல் உருளையை மாடுகளால் இழுப்பித்துத் தாம்படிப்பது பழைய முறை. போரில் சில வாரம் இருந்த கதிர் எளிதில் உதிரும். தூற்றிக் குவித்த பொலியின்மேல் சாணத்தால் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் செருகி வணங்கிய பின்னரே அளக்கத் தொடங்குவர். அளக்கும்போது வாய்திறந்து பேசாமையும் வழக்கம். எண்ணிக்கை பிசகாதிருக்க அது நல்ல ஏற்பாடே.

கேழ்வரகு மணி மிகச் சிறிது, மேல்தோல் கடினம். அந்துப்பூச்சியும் வண்டும் அதில் எளிதில் புகுவதில்லை. நன்றாக உலர்ந்த கேழ்வரகு பல ஆண்டுகள் கெடாதிருக்கும். இதனாலேயே பஞ்சத்திற்குத் துணையான தானியம் எனப் பெயர் பெற்றது. சாணமும் மண்ணும் பூசிய மூங்கில் தொம்பைகளிலும், மண் குதிர்களிலும், நிலத்தில் தோண்டிய குழிகளிலும் சேமிப்பர். மேட்டுப்பாங்கான இடத்தில் வாய் குறுகி வயிறு அகன்ற குழியை எடுத்து, உட்புறம் வைக்கோல் பரப்பித் தானியத்தைக் கொட்டி, வாயைக் கல்லாலும் மண்ணாலும் காற்றுப்புகாமல் அடைப்பர். உள்ளிருக்கும் தானியமும் பூச்சியும் சுவாசிப்பதால் பிராணவாயு குறைந்து கரியமில வாயு மிகும். பூச்சிகள் தாமே மடியும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம். அடைத்த குழியைத் திறந்தவுடன் யாரும் உள்ளே இறங்கலாகாது. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கி, இறங்கியவரின் உயிரை நொடியில் வாங்கிவிடும். வாயைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட வேண்டும். விளக்கை இறக்கிப் பார்த்து, அணைந்தால் இறங்காதிருக்க வேண்டும். விளக்கு எரிவதனால் மட்டும் அபாயம் முற்றும் நீங்கியதென்று எண்ணவும் கூடாது. இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். முதலில் விழுந்தவரைக் காக்க இறங்கி இரண்டாமவரும் மடிவதே இவ்விபத்தின் இயல்பு. குழிகள் அருகிவிட்ட இக்காலத்திலும், ஆழ்ந்த கிணறு, தொட்டி முதலியவற்றுக்கும் இவ்விதி பொருந்தும்.

7. கைத்தொழில்கள்

இப்பயிரைச் சார்ந்து மூன்று கைத்தொழில்கள் வாழ்ந்தன.

குயவர் தொழில் முதலாவது. களி கிண்ட அடி தடித்த பானையும், கூழ் வைக்க வாய் அகன்ற சட்டியும், விதை வைக்க மூடியுள்ள கலயமும் வேண்டியிருந்தன. ஏரி வண்டலை மணலோடு பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, தட்டுப்பலகையால் தட்டி மெல்லிதாக்கிச் சூளையிடுவர். பியூப்லோ குயவரோ சக்கரத்தை அறியாதவர். பெரும்பாலும் பெண்டிரே இத்தொழிலைச் செய்வர். களிமண்ணைக் கயிறுபோல் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, சுரைக்குடுக்கைத் துண்டால் தேய்த்து ஒன்றாக்குவர். மண் வெடியாதிருக்க உடைந்த ஓட்டின் பொடியையோ எரிமலைச் சாம்பலையோ கலப்பர். சான் இல்டிஃபோன்சோ என்னும் ஊரைச் சேர்ந்த மரியா மார்ட்டினெஸ் அம்மையார், எரியும் சூளையைச் சாணப்பொடியால் மூடிப் புகையை அடக்கிக் கரிய பளபளப்பான கலங்கள் செய்து உலகப் புகழ் பெற்றார். நம் பெருங்கற்காலத்துக் கறுப்பு சிவப்புக் கலங்களும் காற்றை அடக்கியும் விட்டும் சுட்டதனால் உண்டானவையே. அங்கே அத்தொழில் கலைப்பொருளாகி நல்ல விலை பெற்றது. இங்கே அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தபின் குயவர் பலர் செங்கற் சூளைக்கும் தொழிற்சாலைக்கும் போயினர்.

கம்பளி நெசவு இரண்டாவது. குரும்பர் தம் ஆடுகளின் மயிரைக் கத்தரித்து, நூற்று, குழித்தறியில் நெய்து, புளியங்கொட்டைப் பசை ஏற்றி விறைப்பாக்குவர். அக்கம்பளி மழையைத் தாங்கும். மார்கழிப் பனியில் பரண்மேல் காவலிருப்போருக்கு அதுவே வீடு. ஹோப்பி வகுப்பிலோ நெசவு ஆடவர் தொழில். மணமகளின் ஆடையை மணமகன் வீட்டு ஆடவர் நெய்து கொடுப்பர்.

மூங்கில் வேலை மூன்றாவது. முறம், கூடை, தொம்பை, சல்லடை ஆகியவை காட்டோரத்து மூங்கிலால் ஆயின. இவற்றுக்குரிய கூலி பெரும்பாலும் களத்திலேயே தானியமாக அளக்கப்பட்டது. களத்தில் பொலி குறைந்தபோது இம்மூவர் பங்கும் குறைந்தது. தொழில்கள் நலிந்ததற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

8. வழக்கங்களும் நம்பிக்கைகளும்

நம்பிக்கைகளை முழுவதும் ஏற்கவோ முழுவதும் தள்ளவோ இங்கு நாம் முற்படவில்லை. அவற்றால் விவசாயத்துக்கு என்ன காரியம் நடந்தது என்று பார்ப்பதே நம் வேலை.

கன்னடப் பக்தர் கனகதாசர் இயற்றிய 'ராமதான்ய சரிதை' என்னும் நூல் இவ்வெல்லைப் பகுதியில் கேழ்வரகுக்கு உள்ள மதிப்பைக் காட்டும். நெல்லும் கேழ்வரகும் தம்முள் யார் பெரியர் என வாதிட, இராமபிரான் இரண்டையும் ஆறு மாதம் அடைத்து வைக்கச் செய்தார் என்றும், திறந்து பார்த்தபோது கேழ்வரகே வலிமை குன்றாதிருந்ததால் அதற்குத் தம் ராகவன் என்னும் பெயரையே அளித்தார் என்றும் அக்கதை கூறும். சேமிப்பில் கேழ்வரகின் உறுதியைப் பாமரரும் மறவாதபடி பதியவைத்த கதை இது.

மழை தவறினால் வீடுதோறும் அன்னம் வாங்கி ஒன்றாகக் கலந்து உண்ணும் மழைச்சோறு தமிழ்நாட்டில் பல இடங்களிலும் உள்ள வழக்கம். மழையை அது வருவிக்குமோ இல்லையோ, எந்த வீட்டில் தானியம் தீர்ந்துவிட்டது என்பதை ஊர் அறிய வழி செய்தது. பியூப்லோ மக்களும் மழைக்காகக் கூட்டமாய் நடனமாடி வேண்டுவர். முன்னோரும் மேகங்களும் ஒன்றே என்பது அவர்கள் கொள்கை.

கலியாணத்தில் வைக்கும் முளைப்பாலிகையில் நவதானியம் இடுவர். அவற்றுள் மொச்சையும் கொள்ளும் உண்டு. வீட்டு விதையை இட்டவரை அது விதையின் முளைப்புத் திறனைக் காட்டும் சோதனையாகவும் இருந்தது. இப்போது கடையில் வாங்கிய பொட்டலத்தை இடுவதால் அப்பயன் போயிற்று.

ஹோப்பி வகுப்பில் குழந்தை பிறந்தால் குற்றமற்ற ஒரு மக்காச்சோளக் கதிரை அருகில் வைப்பர்; அதைத் தாயென்பர். மணப்பெண் மாமியார் வீட்டில் நாட்கணக்கில் மாவு அரைப்பாள். இருபதாம் நூற்றாண்டில் அம்மக்களிலும் பலர் கூலிக்கும் உத்தியோகத்துக்கும் நகரம் சென்றனர். கடைமாவு மலிவாகக் கிடைத்தது. இருந்தும் சடங்குக்குத் தம் நிலத்துச் சோளமே வேண்டும் என்னும் கொள்கை இருந்ததால், ஒவ்வொரு குடும்பமும் சிறிதளவேனும் விதைத்து வந்தது. அதனால் பழைய விதைகள் அழியாமல் தப்பின. சடங்கு விதையைக் காத்த உதாரணம் இதுவாகும்.

9. சானமாவின் தற்கால நிலைமை

1970-களில் ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் இப்பகுதியின் போக்கு மாறிற்று. இளைஞருக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. தக்காளி, கோசு, ரோஜா முதலியவற்றுக்குப் பெங்களூர்ச் சந்தை கைகொடுத்தது. நிலத்தின் விலை ஏறி மனைகள் ஆயின. இவை யாவும் தீமை என்று கூறுவது நியாயமன்று. பல குடும்பங்கள் கடன் தீர்த்ததும் பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் இவற்றாலேயே. எனினும் தக்காளி விலை சரிந்த வாரத்தில் அதனைக் குதிரில் இட்டு வைக்க முடியாது. கேழ்வரகை வைக்கலாம்.

மற்றொரு சங்கடம் யானைகள். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா முதலிய கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவுக் காட்டுக்கு வந்து தங்கும். கேழ்வரகு பால் பிடித்து முற்றும் காலமும் அதுவே. பகலில் காட்டில் நின்று இரவில் வயலில் இறங்கும். நான்கு மாத உழைப்பு ஓரிரவில் போவதும், காவலிருப்போர் உயிரிழப்பதும் நேர்கின்றன. இதனால் 'கேழ்வரகே வேண்டாம்' என்று விட்டவர் பலர். அவர்களைக் குறை கூற இயலாது. ஆனால் ஊர் முழுவதும் விட்டுவிட்டால், மீதியுள்ள ஒன்றிரண்டு வயல்களின்மேல் கூட்டம் முழுவதும் விழும் என்பதையும் எண்ண வேண்டும். விடுவதானாலும் வைப்பதானாலும் ஊரார் கூடித் தீர்மானித்தலே முறை.

10. செய்யத்தக்கவை

நிலமுடையோர் கவனத்திற்கு:

(1) புஞ்சையில் ஒரு பகுதியையேனும், வீட்டுச் செலவுக்குப் போதுமான அளவு, கேழ்வரகு மொச்சைக் கலப்புக்கு ஒதுக்குக. காட்டை ஒட்டிய வயலைக் காட்டிலும் ஊரை ஒட்டிய வயலைத் தேர்ந்துகொள்ளுக.

(2) ஊரார் ஒரே வாரத்தில் விதைத்து ஒரே வாரத்தில் அறுக்குக. முந்தியும் பிந்தியும் விளைந்தால் காவலும் அத்தனை நாள் நீளும்.

(3) அறுத்த கதிரை வயலில் போரிடாமல் ஊர் நடுவே கொண்டுவந்து, இயந்திரத்தாலாவது உடனே அடித்து உலர்த்துக. பழைய போர் முறை நல்லதே. யானை வரும் ஊருக்கு அது பொருந்தாது.

(4) வேலியில் மின்சாரக் கம்பியை நேரே இணைக்கும் கொடுமையை ஒருவரும் செய்யலாகாது. அதனால் யானை மட்டுமன்று, அயலார் பிள்ளையும் மாடும் மடியும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது கடுந்தண்டனைக்குரிய குற்றம். ஒசூர் வனக் கோட்டத்தில் வன இலாகாவார் அமைத்துவரும் இரும்புக் கம்பிவட வேலி தம் எல்லைக்கும் வேண்டுமென ஊரார் ஒருங்கே விண்ணப்பிக்கலாம்.

(5) நோயற்ற, முழுதும் முற்றிய கதிர்களை நின்ற பயிரிலேயே தெரிந்து, தனியே அடித்து விதைக்கு வைக்குக. விதைக்குமுன் நூறு மணிகளை ஈரத்துணியில் முளைக்க வைத்து எண்ணிப் பார்க்குக. பையூர் ஆராய்ச்சி நிலையத்தாரும் பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகத்தாரும் அளிக்கும் வகைகளைப் பழைய வகையின் பக்கத்திலேயே விதைத்து ஒப்பிடுக. மண்டியாவில் ஆராய்ந்த லட்சுமணய்யா அவர்கள் இந்திய வகைகளோடு ஆப்பிரிக்க வகைகளைச் சேர்த்தே 'இண்டாஃப்' ரகங்களை உண்டாக்கினார். பழைய விதை இல்லாவிடில் புதிய விதையும் இல்லை என்பதற்கு இது சான்று.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு:

(1) அடங்கலில் கேழ்வரகு என்று மட்டும் எழுதிவிடாமல், ஊடுபயிராக உள்ள மொச்சை, துவரை முதலியவற்றையும் நேரில் கண்டு பதிவு செய்க. பயிர்ச்சேத நஷ்ட ஈட்டுக்கு அப்பதிவே ஆதாரம்.

(2) யானையால் சேதம் என்று தெரிந்த அன்றே பார்வையிடுக. கால் சுவடும் மிதிபட்ட பயிரும் சில நாளில் மறைந்துவிடும். வன, விவசாய இலாகாக்களுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க ஏற்பாடு செய்க.

(3) யானைக் கூட்டம் நெருங்கும் செய்தி வந்தால், விடியற்காலையில் காட்டுப்பாதையில் செல்லும் பால்காரர், தொழிற்சாலைக்குச் செல்வோர், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோருக்கு முதலில் தெரிவிக்குக.

விலையைப் பற்றியும் ஒரு சொல். கேழ்வரகுக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதார விலை 2017-18-ல் குவிண்டாலுக்கு ரூ. 1900. அது 2018-19-ல் ரூ. 2897 ஆயிற்று, 2025-26-க்கு ரூ. 4886 என அறிவிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையால் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் தருமபுரி, நீலகிரி ஜில்லாக்களில் குடும்ப அட்டைக்கு அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கிற்று. ஏழைகளின் தானியம் என்று இகழப்பட்டதற்குச் சந்தை மறுபடியும் திறந்திருக்கிறது. அதற்குள் விதையையும் கைப்பழக்கத்தையும் இழந்துவிட்ட ஊர் இதனால் பயனடையாது.

11. முடிவுரை

பியூப்லோ மக்கள் மழையற்ற மணலில் ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததற்கும், நம் ஒசூர்ச் சீமையார் செம்மண் மேட்டில் பஞ்சங்களைக் கடந்ததற்கும் காரணம் ஒன்றே. நிலத்துக்கேற்ற விதை, ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும் கலப்பு, அடுத்த ஆண்டுக்கும் மிஞ்சும் சேமிப்பு, இவற்றை மறவாமலிருக்கச் செய்த வழக்கங்கள் ஆகிய நான்கையும் அவர்கள் கைவிடவில்லை. தொழிற்சாலையும் கேழ்வரகு வயலும் ஒரே ஊரில் இருத்தல் கூடும். ஆனால் விதைக் கலயம் ஒருமுறை வெறுமையாகிவிட்டால், அதனைச் சம்பளப் பணத்தால் நிரப்ப முடியாது. வரும் ஆடிப்பட்டத்திற்கு முன் ஒவ்வொரு நிலமுடையோரும் தம் வீட்டில் எத்தனை படி சொந்த விதை உள்ளது என்று பார்த்துக்கொள்வாராக. இல்லாதவர், இருக்கும் அயலாரிடம் இப்போதே கேட்டு வைப்பாராக.